"மெஷின் கோளாறு, பணம் கிடையாது" – இது எந்த ஊர் நியாயம்?

தெற்குவீதி (திங்கள், இரவு 9:12)

சித்தப்பாவுக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன், அப்புறம் கேள்வி. அவர் முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்க கலிஃபோர்னியா வந்தவரை போன மாசம் ஒரு சனி, ஞாயிறு லாஸ் வேகஸ் கூட்டிக்கொண்டு போனோம். சீட்டாட்டம்கூடத் தெரியாத மனிதர். எல்லோரும் உட்கார்கிறார்களே என்று காசினோ என்ற சூதாட்டக் கூடத்தில் ஒரு கால் டாலர் ஸ்லாட் மெஷினில் 20 டாலர் நோட்டைச் செருகினார். சின்னங்கள் போட்ட மூன்று சக்கரம், அதாவது ரீல், சுற்றும் பழைய மாடல், ஒரு சுற்றுக்கு 75 சென்ட். அரை மணி நேரம் போயிருக்கும், ஒரு சுற்றில் மூன்று ரீலிலும் ஜாக்பாட் சின்னம் வந்து நின்றது. மூன்றாவது மட்டும் சின்னங்கள் சேர வேண்டிய கோட்டுக்கு ஒரு நூல் மேலே இருந்தது, நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். மேலே விளக்கு மினுக்கியது, மெஷின் பூட்டிக்கொண்டது. மீட்டரில் ஜாக்பாட் தொகை 3,412 டாலர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பணியாளர் வந்தார், பிறகு சாவிக்கொத்தோடு டெக்னீஷியன் வந்தார், கதவைத் திறந்தார், ரீலைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார், மூடினார். "மெஷின் கோளாறு" என்றார். கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினார்கள்: கோளாறு ஏற்பட்டால் எல்லாப் பட்டுவாடாவும் எல்லா ஆட்டமும் செல்லாது. 75 சென்ட்டைத் திருப்பிக் கொடுத்து, சாப்பாட்டுக்கு ஒரு கூப்பனும் தந்தார்கள். சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பழக்கதோஷம், மெஷின் நம்பரையும் மணி 4:17 என்பதையும் போர்டிங் பாஸின் பின்னால் குறித்துக்கொண்டார்.

என் கேள்வி இதுதான். கோளாறு என்று சொல்ல வேண்டியது யார்? பணம் கொடுக்க வேண்டியவனே சொல்லலாமா?

குயின்ஸ்வாசி (திங்கள், இரவு 10:03)

உங்கள் சித்தப்பாவுக்கு 3,412 போனது. எங்கள் பக்கத்தில் 2016 ஆகஸ்டில் ஒரு பெண்ணுக்குப் போனது 4 கோடியே 29 லட்சம் டாலர்.

நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் அக்வடக்ட் குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டி ரிசார்ட்ஸ் வேர்ல்டு காசினோ இருக்கிறது, மலேசியாவில் ஜென்டிங் ஹைலேண்ட்ஸ் நடத்தும் அதே குழுமத்துடையது. ஸ்பிங்ஸ் என்று பெயர் வைத்த மெஷின். திரையில் 42,949,672.76 டாலர் என்று வந்தது. அந்த அம்மா மெஷினோடு சேர்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார், அந்தப் படம் அன்றைக்கு எல்லாச் செய்தியிலும் வந்தது. மறுநாள் போனால், நீங்கள் ஜெயித்தது 2 டாலர் 25 சென்ட் என்றார்கள், கூடவே ஒரு ஸ்டேக் டின்னர். சூதாட்டத்தைக் கண்காணிக்கும் மாநிலத்தின் கேமிங் கமிஷனும் அது கோளாறுதான், அந்த மெஷின் அதிகபட்சமாகத் தரக்கூடியதே 6,500 டாலர்தான் என்று சொல்லிவிட்டது. சரி, அந்த 6,500-ஐயாவது கொடுங்கள் என்று அவருடைய வக்கீல் கேட்டார். அதுவும் இல்லை என்றார்கள். 2017-ல் வழக்குப் போட்டார்.

எனக்கு அந்த 6,500 விஷயம்தான் இன்னும் ஆறவில்லை. 4 கோடி நியாயமில்லை என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் மெஷின் இவ்வளவு பெரிய பொய்யைத் திரையில் காட்டிவிட்டு, அதன் விலை 2.25 என்றால் எப்படி?

பிட்கணக்கு (திங்கள், இரவு 10:31)

அந்த எண்ணை ஒருமுறை உற்றுப் பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது.

42,949,672.76 டாலரை சென்ட்டாக மாற்றினால் 4,294,967,276. இரண்டை 32 தடவை பெருக்கினால் வருவது 4,294,967,296. வித்தியாசம் சரியாக 20. அதாவது மெஷினுக்குள் எங்கேயோ ஒரு கணக்கு மைனஸ் 20 சென்ட் என்று வந்திருக்கிறது என்பது என் ஊகம். கணினி எண்ணை 0, 1 என்று 32 இடத்தில் எழுதி வைத்தால் அது 32 பிட் எண். அந்த எண்ணுக்கு மைனஸே கிடையாது என்று புரோகிராம் எழுதினவர் வைத்துக்கொண்டால், பூஜ்யத்துக்குக் கீழே போன எண் உச்சிக்குப் போய் நிற்கும். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 00000-வில் இருக்கும்போது பின்னோக்கிச் சுற்றினால் 99999 வருமே, அதே கதை.

2010-ல் கொலராடோவில் சென்ட்ரல் சிட்டி என்ற ஊரிலும் ஒரு பெண்ணுக்கு 4 கோடியே 29 லட்சம் டாலர் காட்டியது. அதே வருஷம் ஆஸ்திரியாவில் ப்ரெகென்ஸ் காசினோவில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட 4 கோடியே 30 லட்சம் யூரோ. நாடு வேறு, நாணயம் வேறு, காசினோ வேறு, தொகை மட்டும் அந்த எல்லையிலேயே வந்து நிற்கிறது. அதிர்ஷ்டம் இப்படி ஒரே எண்ணில் விழாது. ஆகவே இந்த வகை வழக்குகளில் "கோளாறு" என்பது உண்மைதான் என்று நான் நம்புகிறேன்.

தெற்குவீதி, உங்கள் சித்தப்பாவின் விஷயம் இதில் சேராது. அது ரீல் நின்ற இடத்தைப் பற்றியது.

மணிமேகலை_ஆர் (செவ்வாய், காலை 6:45)

எனக்குச் சூதாட்டமே ஆகாது, அதைச் சொல்லிவிட்டே எழுதுகிறேன். எங்கள் தெருவில் ஆன்லைன் ரம்மியில் வீட்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் தெற்குவீதி கேட்டது சரியான கேள்வி.

பிட்கணக்கு, மைனஸ் வந்தால் எண் சுற்றிக்கொண்டு போகும் என்பது புரோகிராம் படிக்கிற பிள்ளைக்கு முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவது என்கிறான் என் பையன். இந்த மெஷின்களை லேபில் சோதித்துச் சான்றிதழ் கொடுத்துத்தானே வைக்கிறார்கள்? அப்படியானால் தப்பு செய்தது தயாரித்தவர், கவனிக்காமல் விட்டது லேப், வைத்து ஓட்டினது காசினோ. நஷ்டம் மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு. வேறு எந்தக் கடையில் இப்படி நடக்கும்?

ரீல்மெக்கானிக் (செவ்வாய், பகல் 1:20)

பதினோரு வருஷம் உல்லாசக் கப்பல்களின் காசினோவில் ஸ்லாட் டெக்னீஷியனாக இருந்தேன். இப்போது தூத்துக்குடியில் வீட்டோடு இருக்கிறேன். காசினோவுக்குப் பரிந்து பேச எனக்கு எந்தத் தேவையும் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் சண்டையையும் சரியாகப் போட முடியும், அதனால் எழுதுகிறேன்.

தெற்குவீதி சொன்னது எங்கள் பாஷையில் "ரீல் டில்ட்". ஒவ்வொரு ரீலுக்கும் பின்னால் ஒரு ஸ்டெப்பர் மோட்டார், பக்கத்தில் ஒரு சென்சார். ரீலில் ஒட்டின ஒரு சின்னத் தகடு சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் மெஷினை நடத்தும் சர்க்யூட் போர்டுக்கு "இதோ இங்கே இருக்கிறேன்" என்று தகவல் போகும். நீங்கள் பொத்தானை அமுக்கின அந்த நொடியிலேயே ரேண்டம் எண் எடுத்தாகிவிட்டது, முடிவு நினைவகத்தில் எழுதியாகிவிட்டது. ரீல் சுற்றுவது அதைக் காட்டுவதற்காக மட்டும். ரீல் நின்ற இடமும் போர்டு நினைத்த இடமும் ஒத்துப் போகவில்லை என்றால் மெஷின் பூட்டிக்கொண்டு மேலே விளக்கு மினுக்கும். சித்தப்பா ஜெயித்த விளக்கு என்று நினைத்தது டெக்னீஷியனைக் கூப்பிடுகிற விளக்கு. பெல்ட்டில் தூசி, தேய்ந்த புஷ், யாராவது கோபத்தில் கண்ணாடியில் குத்தினது, எதுவும் காரணமாக இருக்கலாம். கப்பல் ஆடுகிற அன்றைக்கு எனக்கு ஒரு ராத்திரியில் ஐந்தாறு டில்ட் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ரீலில் 22 இடம் இருக்கிறது என்று வையுங்கள். மூன்று ரீலுக்கு 22 x 22 x 22, மொத்தம் 10,648 சேர்க்கைதான். அவ்வளவு குறைவான சேர்க்கையில் பெரிய ஜாக்பாட் கொடுத்தால் கட்டுப்படியாகாது. 1984-ல் டெல்நஸ் என்ற நார்வேக்காரர் ஒரு காப்புரிமை வாங்கினார். உள்ளே கணக்குக்கு மட்டும் வேறு ரீல், அதில் 64 இடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஜாக்பாட்டுக்கு ஒரே ஒரு இடம், வெறும் இடங்களுக்கு நிறைய. அப்போது மூன்று ஜாக்பாட் சேர்வது 2,62,144-ல் ஒன்று. வெளியே பார்க்கிறவருக்கு இன்னும் 22 இடம்தான் தெரியும். உலகம் முழுக்க இதன் மேல்தான் பெரிய ஜாக்பாட் தொழிலே நிற்கிறது.

ஆகவே மெஷின்காரன் கண்ணில் உண்மை என்பது நினைவகத்தில் இருப்பது. கண்ணாடிக்குப் பின்னால் தெரிவது படம்.

மணிமேகலை_ஆர் (செவ்வாய், பகல் 2:02)

ரீல்மெக்கானிக் அண்ணா, நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளாமல் எழுதினதற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன், எனக்குக் கோபம்தான் கூடியது.

22-ல் ஒன்று என்று கண்ணுக்குக் காட்டி ஆசையைக் கிளப்பி உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஜாக்பாட் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் வந்து வந்து போவதைப் பார்த்து, "அடடா, ஒரு இழையில் போச்சு" என்று இன்னொரு நோட்டைச் செருகுகிறான். அப்போதெல்லாம் "அது படம்தான் அய்யா, நம்பாதே" என்று யாராவது வந்து சொன்னார்களா? மூன்றும் சேர்ந்து நின்ற அன்றைக்கு மட்டும் கண்ணால் பார்த்ததை நம்பாதே, உள்ளே இருப்பதுதான் உண்மை என்கிறார்கள். வாங்கும்போது ஒரு தராசு, கொடுக்கும்போது ஒரு தராசு.

லண்டன்_ஈழவன் (செவ்வாய், மாலை 7:50)

அக்கா சொன்ன அந்த இரண்டு தராசைப் பற்றித்தான் இங்கே லண்டன் உயர் நீதிமன்றம் போன வருஷங்களில் பேசியிருக்குது. இரண்டும் ஆன்லைன் ஆட்டம், ஆனா விஷயம் ஒன்றுதான்.

முதலாவது பெட்ஃபிரெட் என்ற பந்தயக் கம்பெனி மேல் போட்ட வழக்கு. 2018 ஜனவரியில் ஒருவர் தன் ஃபோனில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடி 17 லட்சம் பவுண்டுக்கு மேல் ஜெயித்தார். முதலில் வாழ்த்துச் சொன்னார்கள், சில நாள் கழித்து மென்பொருள் கோளாறு, தர முடியாது என்றார்கள். வாயை மூடிக்கொள்ள 60,000 பவுண்ட் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார்கள். மனிதர் மூன்று வருஷம் காத்திருந்தார். 2021 ஏப்ரலில் நீதிபதி ஃபாஸ்டர் அவருக்கு முழுத் தொகையையும் கொடுக்கச் சொன்னார். முழு விசாரணைக்கே போகவில்லை. கோளாறு வந்தால் பணம் இல்லை என்ற விதி நெருக்கி நெருக்கி அடித்த பக்கங்களுக்குள்ளே புதைந்து கிடந்தது, அதை ஆடுகிறவர் பார்வைக்குக் கொண்டுவரவில்லை, 2015-ன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி அது நியாயமான நிபந்தனையும் இல்லை என்றது தீர்ப்பு.

இரண்டாவது பேடி பவர், அதுவும் பந்தயக் கம்பெனிதான். 2020 அக்டோபரில் வைல்ட் ஹேட்டர் என்ற ஆட்டத்தில் ஒரு தோட்டவேலைக்காரப் பெண்ணுக்கு "மான்ஸ்டர் ஜாக்பாட்" என்று திரையில் வந்தது, தொகை 1,097,132.71 பவுண்ட். கணக்கில் வந்து சேர்ந்ததோ 20,265.14. உள்ளே எண் எடுத்த கணினி தினசரி ஜாக்பாட்டைத்தான் எடுத்தது, திரைக்கு அனுப்பும் இடத்தில் பெயர் மாறிவிட்டது என்பது கம்பெனியின் வாதம். ரீல்மெக்கானிக் சொன்ன அதே வாதம்தான், நினைவகம் உண்மை, திரை படம். 2025 மார்ச்சில் நீதிபதி ரிச்சி அதை ஏற்கவில்லை. ஆடுகிறவருக்குத் தெரிவது திரை மட்டும்தான், திரையில் வந்ததுதான் முடிவு என்று ஒப்பந்தத்தைப் படித்தார். திரையில் பெயர் மாறினதுக்குக் காரணம் புரோகிராம் எழுதின ஆளின் பிழை, அதைக் கணினிக் கோளாறு என்று சொல்லித் தப்ப ஏலாது என்றும் சொன்னார்.

பிட்கணக்கு (செவ்வாய், இரவு 9:15)

லண்டன்_ஈழவன், இந்த இரண்டாவது வழக்கு எனக்குத் தெரியாது. புரோகிராமராகச் சொல்கிறேன், மனித பிழைக்கும் கணினிக் கோளாறுக்கும் நடுவில் கோடு போடுவது கஷ்டம். நான் பார்த்த பெரும்பாலான "கோளாறு" யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரமாகத் தட்டின வரிதான். அந்தக் கோட்டை நீதிபதி ஆடுகிறவர் பக்கம் இழுத்துப் போட்டது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் 2015-ல் அமெரிக்காவின் அயோவா மாநில உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பையும் படியுங்கள், அது வேறு திசை. வாட்டர்லூ என்ற ஊரில் 2011 ஜூலையில் ஒரு பாட்டி பென்னி (ஒரு சென்ட்) மெஷினில் 25 சென்ட் வைத்து ஆடினார். மிஸ் கிட்டி என்ற ஆட்டம். சின்னங்கள் சேர்ந்ததற்கு 1 டாலர் 85 சென்ட் வந்தது. கூடவே திரையில் "போனஸ் அவார்ட்" என்று 41,797,550.16 டாலர் வந்தது. நான் இதையும் இரண்டின் அடுக்கோடு போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. ஆகவே அது வேறு மாதிரிக் கோளாறு. தயாரித்த நிறுவனமே அதற்கு முந்தின வருஷம் காசினோக்களுக்கு, இந்த வன்பொருளில் தப்பான போனஸ் செய்தி வரலாம், அந்த வசதியை அணைத்து வையுங்கள் என்று அறிக்கை அனுப்பியிருந்தது.

தீர்ப்பு பெரும்பாலும் ஸ்டிக்கரின் மேல் நிற்கவில்லை, ஒப்பந்தத்தின் மேல் நின்றது. திரையில் ஒரு பொத்தானைத் தொட்டால் ஆட்ட விதியும் எதற்கு எவ்வளவு என்ற அட்டவணையும் வரும். அதில் போனஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. இல்லாத பரிசை யாரும் ஜெயிக்க முடியாது. பாட்டி அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை என்பது காரணமாகாது என்றார்கள். தீர்ப்பு வந்தபோது அவருக்கு 90 வயது. கிடைத்தது 1.85.

குயின்ஸ்வாசி (செவ்வாய், இரவு 9:40)

லண்டனில் படிக்காத விதி ஆடுகிறவரைக் கட்டாது. அயோவாவில் படிக்காத விதி கட்டும். ஆடினவர்கள் இரண்டு பேரும் படிக்கவில்லை.

தெற்குவீதி (புதன், காலை 7:30)

எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் எல்லாக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஸ்டிக்கரில் "எல்லாப் பட்டுவாடாவும் எல்லா ஆட்டமும்" என்று இருக்கிறதே, ஆட்டமும் செல்லாது என்றால் தோற்ற ஆட்டமும் செல்லாதுதானே என்கிறார்.

"வங்கியில் நோட்டு எண்ணும் மெஷின் தப்பாக எண்ணுகிறது என்று தெரிந்தால் அன்றைக்கு அந்த மெஷினில் எண்ணின கட்டு எல்லாவற்றையும் மறுபடி எண்ணுவோம். கூடுதலாகக் கொடுத்த கட்டை மட்டும் எண்ண மாட்டோம். இந்த மெஷினின் மூன்றாவது ரீல் 4:17-க்கு மட்டுமா வழுக்கியிருக்கும்? எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆளுக்கு ஜாக்பாட் வந்திருக்க வேண்டியது வழுக்கிப் போயிருந்தால் அவருக்கு யார் சொல்வது?" என்றார். பதினைந்து நாளாக ஒன்றும் பேசாமல் இருந்த மனிதர் இவ்வளவு பேசினதே எனக்குப் போதும் போல இருந்தது.

ரீல்மெக்கானிக் (புதன், பகல் 12:55)

உங்கள் சித்தப்பா தொட்டது சரியான இடம். பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நினைவகத்தில் ஜாக்பாட் விழுந்து ரீல் மட்டும் தப்பாக நின்றால் என்ன ஆகும்? நான் வேலை பார்த்த இடத்தில் டில்ட்டைச் சரிசெய்த பிறகு மெஷின் அந்த முடிவைத் திரும்பக் காட்டும், ஜெயித்திருந்தால் கொடுப்போம். இரண்டு தடவை நானே அப்படிக் கொடுக்க வைத்திருக்கிறேன். ஒருவர் கோபமாக எழுந்து போய்விட்டார், டெக் முழுக்கத் தேடிப் பிடித்து 900 டாலர் கொடுத்தோம். ஆகவே எல்லா டில்ட்டும் ஆடுகிறவருக்கு எதிரானது இல்லை.

ஆனால் திரையும் நினைவகமும் ஒத்துப் போய், நினைவகமே தப்பாக இருந்தால்? அது யாருக்கும் தெரியாது. விளக்கு மினுக்காது. ஆடினவர் தோற்றேன் என்று எழுந்து போவார். 1989-ல் லாஸ் வேகஸில் அமெரிக்கன் காயின் என்ற கம்பெனி சிக்கியது. அவர்களுடைய வீடியோ போக்கர் என்ற சீட்டாட்ட மெஷின்களில் ராயல் ஃப்ளஷ் என்ற உச்சச் சேர்க்கை வரப் போகிற நேரத்தில் சீட்டை மாற்றுகிற மாதிரி சிப் எழுதி வைத்திருந்தார்கள். ஆடினவர்களுக்கு அது கடைசிவரை தெரிய வாய்ப்பே இல்லை, லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் ஒழுங்குமுறை வாரியம்தான் கண்டுபிடித்து மூட வைத்தது. அப்புறம் 1995-ல் அந்த நெவாடா வாரியத்திலேயே சிப் சோதிக்கிற வேலையில் இருந்த ரான் ஹாரிஸ் என்பவரே மெஷின் சிப்பில் கைவைத்துப் பிடிபட்டார்.

நான் நல்ல டெக்னீஷியன் என்று சொல்லிக்கொள்வேன், ஆனால் எனக்குச் சம்பளம் கொடுத்தது காசினோதான். "இது கோளாறு" என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் எதிரே இருந்தவர் என்னை நம்ப வேண்டியிருந்தது. அது நியாயமான ஏற்பாடு இல்லை என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கடலோரம்_77 (புதன், மாலை 5:10)

ஒரு நல்ல செய்தியையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இந்த இழையைப் படித்தால் நெவாடாவில் எல்லாமே திருட்டு என்று தோன்றிவிடும்.

2022 ஜனவரி 8-ம் தேதி லாஸ் வேகஸில் ட்ரெஷர் ஐலண்ட் காசினோவில் அரிசோனாவிலிருந்து வந்த ஒருவர் 229,368.52 டாலர் ஜெயித்தார். மெஷினின் தகவல் தொடர்பு கோளாறாகி அது திரையிலும் வரவில்லை, பணியாளருக்கும் போகவில்லை. மனிதர் ஒன்றும் தெரியாமல் ஊருக்குப் போய்விட்டார். பிறகு காசினோ கோளாறைக் கண்டுபிடித்தது, ஆளைத் தெரியவில்லை. ரீல்மெக்கானிக் சொன்ன அந்த வாரியம், அதாவது கேமிங் கண்ட்ரோல் போர்டு, பல காசினோக்களின் கேமரா பதிவை மணிக்கணக்கில் பார்த்து, சாட்சிகளை விசாரித்து, கார்டு தேய்த்த ரசீதுகளையும் வாடகைக் கார் தகவலையும் வைத்துத் தேடிப் பிடித்தது. பணம் அவர் கைக்குப் போனது.

போர்டு உருப்படியாக வேலை செய்தால் இப்படியும் நடக்கும். தெற்குவீதி, சித்தப்பா போர்டுக்கு எழுதினாரா? நெவாடாச் சட்டப்படி தகராறுத் தொகை 500 டாலரோ அதற்கு மேலோ இருந்து, பேசித் தீரவில்லை என்றால் காசினோவே உடனே போர்டுக்குச் சொல்ல வேண்டும். 500-க்குக் கீழே என்றால், போர்டிடம் போக உங்களுக்கு உரிமை உண்டு என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். 3,412 என்றால் முதல் வகை.

தெற்குவீதி (புதன், மாலை 5:25)

ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. கூப்பன்தான் கொடுத்தார்கள். சித்தப்பா தகராறே செய்யவில்லையே, அதனால் அது "தகராறு" ஆகவில்லையோ என்னவோ.

கடலோரம்_77 (புதன், மாலை 5:41)

அங்கேதான் சூட்சுமம். "நான் இதை ஏற்கவில்லை" என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மெஷினை விட்டு எழக் கூடாது, அடுத்த சுற்று ஆடக் கூடாது, யாராவது ஆட வந்தாலும் விடக் கூடாது. திரை, ரீல், மெஷின் நம்பர், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுக்க வேண்டும், தடுத்தால் தடுத்தவர் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். கதவைத் திறக்கும் முன்னால் போர்டைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். கூப்பனை வாங்கக் கூடாது. ஆனாலும் இப்போது எழுதுங்கள், நம்பரும் நேரமும் கையில் இருக்கிறது, அது பெரிய விஷயம்.

அமெரிக்காவில் எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை. அலபாமாவில் 2010-ல் ஒருவர் 5 டாலர் வைத்து 13 லட்சத்து 77 ஆயிரம் டாலர் ஜெயித்ததாக மெஷின் காட்டியது. காசினோ பூர்வகுடி இனத்துடையது. கோளாறு என்று சொன்னார்கள். அவர் மாநில நீதிமன்றத்துக்குப் போனார். ஏழு வருஷம் கழித்து 2017-ல் அலபாமா உச்ச நீதிமன்றம், அந்த இனத்தின் தன்னாட்சி உரிமை காரணமாக வழக்கை எடுக்க முடியாது என்று முடித்துவிட்டது. மெஷின் பழுதா இல்லையா என்று ஒரு நீதிபதிகூடக் கடைசிவரை பார்க்கவில்லை. பூர்வகுடிகளின் தன்னாட்சி பெரிய விஷயம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதருக்குக் கேட்க ஒரு இடமாவது இருந்திருக்க வேண்டும்.

லண்டன்_ஈழவன் (வியாழன், காலை 8:05)

இங்கே லண்டனில் உட்கார்ந்து எல்லாம் நல்லாயிருக்குது என்று சொல்ல வரவில்லை. இரண்டு பேரும் வழக்கு நடத்தப் பல வருஷம் போராடினவை. 3,412 டாலருக்கு யாரும் உயர் நீதிமன்றம் போகேலாது. சின்னத் தொகைக்கு அந்த போர்டு மாதிரி ஒன்றுதான் வழி.

தெற்குவீதி (ஆறு வாரம் கழித்து, சனி, காலை 10:20)

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும், விஷயம் இருக்கிறது.

சித்தப்பா கையாலேயே எழுதி அனுப்பினார், ஒன்றரைப் பக்கம், வங்கிக் கடிதம் மாதிரி வரிசை எண் போட்டு. போர்டிலிருந்து ஒரு ஏஜெண்ட் ஃபோன் செய்தார். மரியாதையாகப் பேசினார், மெஷின் நம்பர், நேரம், என்ன பார்த்தார், டெக்னீஷியன் எங்கே கை வைத்தார் எல்லாம் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். நேற்று கடிதம் வந்தது. 4:17 சுற்றில் மூன்றாவது ரீலில் பிழைக் குறியீடு பதிவாகியிருக்கிறது, நினைவகத்தில் அந்தச் சுற்றின் முடிவு ஜெயிப்பு இல்லை, ஆகவே காசினோ பணம் தரத் தேவையில்லை என்று முடிவு. ரீல்மெக்கானிக் அண்ணா அன்றைக்குச் சொன்னதேதான், வார்த்தைக்கு வார்த்தை.

எனக்கு மனசு விட்டுப்போச்சு. சித்தப்பாவுக்கு இல்லை. யாரோ ஒரு மூன்றாவது ஆள் திறந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார், எனக்கு ஜாக்பாட் விழவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் மறுபரிசீலனை கேட்க 20 நாள் இருக்கிறது என்று கடிதத்தில் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டார். பணம் கேட்கப் போவதில்லையாம். அந்த மாசத்தில் அந்த மூன்றாவது ரீல் எத்தனை தடவை பிழை காட்டியது, ஒவ்வொரு தடவையும் ஆடினவருக்குக் காசு திரும்பப் போனதா, இதை மட்டும் கேட்கப் போகிறார். அப்படிக் கேட்க முடியுமா, அண்ணா? அந்தக் கணக்கு எங்கேயாவது இருக்குமா?

ரீல்மெக்கானிக் (சனி, பகல் 11:48)

இருக்கும். மெஷினுக்குள் பிழைப் பதிவு தனியாக இருக்கும், ஆனால் பழையது அழிந்து புதியது ஏறும், அதனால் அதை நம்ப வேண்டாம். கதவுக்கு உள்பக்கம் ஒரு அட்டை தொங்கும், எங்கள் கப்பலில் அதை "மீல் கார்டு" என்போம். கதவைத் திறக்கிற ஒவ்வொருவரும் தேதி, நேரம், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ரீலுக்கு ஒரே காரணம் திரும்பத் திரும்ப எழுதியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். கேட்டால் கொடுப்பார்களா என்பது வேறு, ஆனால் பெயர் சொல்லிக் கேட்டால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. பழுது பார்த்த பதிவும் மீல் கார்டும் வேண்டும், மெஷின் நம்பர் இது, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று எழுதச் சொல்லுங்கள்.